ஆளில்லாத அப்பிள் கடை

கனடாவுக்கு வந்து முதலாவது இலையுதிர்காலத்தைக் காணும் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடத்தில பிள்ளையளை அப்பிள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம். கையெழுத்து வைக்கச் சொல்லிக் கடதாசி வந்திருக்கு. அங்க போய் என்ன செய்யிறது? கடையில அப்பிள் இல்லையோ?"

கேள்வி நியாயமானதுதான். நாங்களும் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தோம். ஊரிலே தோட்டம் செய்து களைத்துப் போன சனம் காசு கொடுத்து இன்னொருவர் தோட்டத்தில் காய் பிடுங்கப் போவதாவது! அந்த நினைப்பை மாற்றிய ஒரு பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அப்பிள் என்றால் ஆஸ்பத்திரிதான். யாராவது நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாலு தோடம்பழம், கொஞ்சம் முந்திரிகைப்பழம், வசதியிருந்தால் இரண்டு அப்பிள். கடலைக் கடந்து வந்த அந்தப் பழத்தை நாலாக வெட்டி, எட்டாக வெட்டி, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு அந்தத் துண்டும் இல்லை. சவுக்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில் அப்பிளை யார் நினைத்தார்கள்?

ஆகவே 1997இல் எங்கள் ஐயாவும் அம்மாவும் இங்கே வந்து சேர்ந்தபோது, ஸ்காபரோக் கடைகளில் அப்பிள் மலைபோலக் குவிந்து கிடப்பதைப் பார்த்து அம்மா வாயில் கைவைத்தார். ஐயா ஒன்றும் பேசவில்லை. அந்த நாட்களில் அவர் எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. உரும்பிராயில் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்தவர். துலா மிதித்த காலத்திலிருந்து இயந்திரம் வைத்து இறைத்த காலம்வரை மண்ணோடு நின்றவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த அன்று, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டவர். அந்தத் திறப்பு அவரோடு ஸ்காபரோவுக்கும் வந்தது. பதினோராம் மாடியில், ஜன்னலோரக் கதிரையில் இருந்து, கீழே போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு வேலை.

அந்த ஆண்டு ஒக்ரோபரில் நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு மொன்றியலில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனோம். மச்சான் எங்கோ இரவல் வாங்கிய ஒரு வானை ஓட்டினார். ஐயா, அம்மா, பிள்ளைகள் இருவர், எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு தம்பி, நாங்கள். தம்பி வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தவர். குடிவரவுக் கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தபடியே நித்திரை கொள்ளுகிற ஆள்.

திரும்பி வரும்போது, மொன்றியல் பாதையில் போய்வரும் எல்லாத் தமிழரும் செய்வதுபோலக் கொல்போணில் நிறுத்தினோம். 401 நெடுஞ்சாலையோரம் 35 அடி உயரத்தில் சிவப்பாக நிற்கும் அந்தப் பெரிய அப்பிளைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 1987இல் கட்டியது. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஐயா அண்ணாந்து பார்த்துவிட்டு, "உது சீமெந்தோ, தகரமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

போட் ஹோப் தாண்டும்போது விடுமுறை முடிந்து வீடு திரும்பும் வாகனங்களால் 401 நிறைந்து நின்றது. மச்சான் பொறுமை இழந்து பழைய 2ஆம் இலக்கப் பாதையில் திருப்பினார். 401 வருமுன் அதுதான் பிரதான பாதையாக இருந்தது. இரு பக்கமும் வயல். தெற்கே மரங்களுக்கிடையில் ஒன்ராறியோ வாவி நீலமாகத் தெரிந்தது. நியூகாசிலுக்குக் கிட்ட வரும்போது அம்மா, "நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு" என்றார். வீதியோரம் ஒரு சின்னப் பலகைக் கொட்டில். படிபடியாகத் தட்டு அடித்து, கூடை கூடையாக அப்பிள் அடுக்கியிருந்தது. பின்னால் வரிசையாக மரங்கள். தூரத்தில் ஒரு வீடு.

இறங்கிப் பார்த்தால் கடையில் ஆளில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை. ஒரு பலகையில் சோக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தது. நாலாம் வகுப்புப் படித்த மகள் வாசித்துச் சொன்னாள்: சின்னக் கூடை மூன்று டொலர். காசைப் பெட்டியில் போடுங்கள். மிச்சக் காசை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி.

பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கற் தகரம். மூடியைத் திறந்தால் உள்ளே தாள் காசும் குற்றிக் காசும் சும்மா கிடந்தன.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு இருபது டொலர் தாள். மூன்று கூடை எடுத்தால் ஒன்பது டொலர். மிச்சம் பதினொன்று. அதைப் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வரும். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தம்பிதான் முதலில் பதறினார். "அண்ணை, பெட்டியில கை வைக்க வேண்டாம். எங்கயாவது கமரா வச்சிருப்பாங்கள். பொலிஸ் வந்தா என்ர கேஸ் என்ன ஆகிறது?" என்று சொல்லிக்கொண்டே போய் வானுக்குள் ஏறிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோதனைச் சாவடிகளில், செய்யாத காரியத்துக்குக் கைகட்டி நின்று பழகிய பிள்ளை. மச்சான், "இருபதையும் போட்டிட்டு ஏழு கூடையா எடுப்பம், கூட ஒரு டொலரைப் பிறகு பாப்பம்" என்றார். "ஏழு கூடையையும் ஆர் தின்னுறது?" என்று அம்மா கேட்டார். அப்பிளே வேண்டாம், போவோம் என்று நாங்கள் சொன்னோம்.

அப்போதுதான் ஐயா வாயைத் திறந்தார். "பூட்டின வீட்டையே வழிச்சுத் துடைச்சுக்கொண்டு போற காலத்தில இருந்து வந்தனாங்கள். இஞ்ச ஆரோ ஒரு மனிசர் காசுப் பெட்டியைத் திறந்து வச்சிட்டுப் போயிருக்கினம். எங்களை நம்பித்தானே வச்சிருக்கினம்? நாங்கள் பயந்து ஓடினா அதென்ன மரியாதை?"

இருபது டொலர் தாளை வாங்கினார். எல்லோரும் பார்க்கத் தகரத்துக்குள் வைத்தார். இரண்டு ஐந்து டொலர் தாளை எண்ணி எடுத்தார். மற்ற ஒரு டொலரை எடுக்கவில்லை. "அது கிடக்கட்டும். கையை விட்டதுக்கு" என்றார்.

மூடியை மூடவும் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வரவும் சரியாக இருந்தது. எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. வானுக்குள் தம்பி குனிந்துகொண்டார். அந்த அம்மா வணக்கம் சொல்லி, என்ன எடுத்தீர்கள் என்று கேட்டார். மூன்று கூடை, இருபது போட்டுப் பத்து எடுத்தோம் என்று எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒப்புவித்தோம், பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு முன்னால் நிற்பதுபோல. அவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு தகரத்தைத் திறந்து, ஒரு டொலர் குற்றியை எடுத்து, ஐயாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டார். ஐயா வேண்டாம் என்று தலையாட்ட, அவர் வேணும் என்று தலையாட்ட, பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவருக்கு இலங்கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சண்டை என்றதும் விளங்கியது. தன் கணவரின் தாய் தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஒல்லாந்திலிருந்து வந்தவர்கள் என்றும், வந்த புதிதில் இன்னொருவர் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள் என்றும் சொன்னார். பிறகு, "மரங்களைப் பார்க்கப் போகிறீர்களா?" என்றார்.

அந்தத் தோட்டம் பெரியதல்ல. கணவனும் மனைவியும் ஒரு மகனும் பார்த்துக்கொள்ளுகிற அளவு. மக்கின்ரோஷ் எல்லாம் புரட்டாதியிலேயே பிடுங்கி முடிந்து, நோர்தேர்ண் ஸ்பை என்ற பிந்திய வகை மரத்தில் நின்றது. ஜமேக்காவிலிருந்து வந்த இருவர், வயிற்றோடு கட்டிய பையும் ஏணியுமாக மரத்தில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். 1966ஆம் ஆண்டு ஜமேக்காவுடன் ஏற்பட்ட ஓர் ஒழுங்கின்படி பருவகாலத் தொழிலாளர்கள் கனடாவின் தோட்டங்களுக்கு வருகிறார்கள். 1974இலிருந்து மெக்சிக்கோவிலிருந்தும் வருகிறார்கள். ஆகக் கூடியது எட்டு மாதம்; குடும்பத்தைக் கொண்டுவர முடியாது; வேலை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். கடையில் நாங்கள் வாங்கும் ஒவ்வொரு அப்பிளிலும் இப்படி யாரோ ஒருவருடைய கை பட்டிருக்கிறது. நாங்களாவது குடும்பத்தோடு இருக்கிறோம் என்று அம்மா பெருமூச்சு விட்டார்.

அவர்களில் ஒருவர்தான் பிள்ளைகளுக்குப் பிடுங்கப் பழக்கினார். அப்பிளை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, மெல்லத் திருப்ப வேண்டும். காம்போடு கழன்று வரும். இழுத்தால் அந்தச் சின்னக் குச்சியும் முறியும். அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய மொட்டு அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

ஐயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று ஒரு மரத்தடியில் குந்தினார். நிலத்துக்குச் சற்று மேலே தண்டில் ஒரு வீக்கம். அதைத் தடவிப் பார்த்து, "ஒட்டு! எங்கட ஒட்டுமாங்கன்று மாதிரி ஒட்டுக் கட்டியிருக்கினம்" என்றார். தோட்டக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஐயா ஒரு விரலைச் சீவுவதுபோலக் காட்டி, மற்ற விரலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுவதுபோலக் காட்ட, அந்த மனிதர் ஆமாம் ஆமாம் என்று ஐயாவின் தோளில் தட்டினார். அதன் பிறகு இரண்டு பேரும் வரிசை வரிசையாகப் போகத் தொடங்கினார்கள். நாங்கள் மொழிபெயர்க்கப் பின்னால் ஓடினோம்.

அப்பிளும் எங்கள் ஒட்டுமாவைப் போலத்தான் என்று அன்று தெரிந்துகொண்டோம். விதை போட்டால் தாய்மரத்தின் பழம் வராது, வேறேதோ வரும். நல்ல மரத்தின் கிளையை வெட்டி இன்னொரு வேரில் ஒட்ட வேண்டும். மரம் எவ்வளவு உயரம் வளரும் என்பதைக் கீழே இருக்கிற அந்த ஒட்டுக்கட்டைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. என்ன பழம் என்பதை மேலே ஒட்டிய கிளை தீர்மானிக்கிறது.

மக்கின்ரோஷ் அப்பிளின் கதையும் அப்படித்தான். 1811ஆம் ஆண்டு, இதே ஒன்ராறியோவின் கிழக்குப் பக்கத்தில் டன்டெலா என்ற இடத்தில், ஜோன் மக்கின்ரோஷ் என்பவர் காடு வெட்டும்போது தானாக முளைத்த சில அப்பிள் கன்றுகளைக் கண்டு பிடுங்கி நட்டார். அவர் நியூயோர்க் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். கடைசியில் ஒரு மரம்தான் தப்பியது. அவருடைய மகன் அலன் அதிலிருந்து கிளை வெட்டி ஒட்டி, ஊரெல்லாம் பரப்பினார். 1894இல் வீடு தீப்பிடித்தபோது தாய்மரம் கருகி, பல ஆண்டுகளுக்குப் பிறகு பட்டுப்போனது. அதற்குள் அதன் கிளைகள் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் வேறு வேர்களில் நின்று காய்த்தன. இன்றைக்கு உலகத்தில் நிற்கும் மக்கின்ரோஷ் மரம் எல்லாம் அந்த ஒரு மரத்தின் கிளைகள்தான். பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் சொல்லலாம்: 1984இல் வந்த மக்கின்ரோஷ் கணினிக்கும் இந்தப் பழத்தின் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஐயா தோட்டக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். "இந்தக் குளிருக்குள்ள மரம் செத்துப் போகாதோ?"

தோட்டக்காரர் சொன்ன பதில் எங்களுக்குப் புதிது. குளிர் இல்லாவிட்டால்தான் மரம் பூக்காதாம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலம் கழிந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். பயம் மாரிக்கு அல்ல, வசந்தத்தில் பூ வந்த பிறகு விழும் உறைபனிக்குத்தான். வாவிக் கரையோரம் அப்பிள் தோட்டங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வசந்தத்தில் குளிர்ந்த வாவி கரையோரத்தைக் குளிராகவே வைத்திருந்து பூவைப் பிந்த வைக்கிறது. இலையுதிர்காலத்தில் அதே வாவி வெதுவெதுப்பாக இருந்து உறைபனியைத் தள்ளிப்போடுகிறது.

திரும்பும்போது வானுக்குள் ஐயா தம்பியைப் பார்த்து, "பாத்தியோ, ஒரு பொலிசும் வரேல்லை" என்றார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் சொன்ன முதலாவது பகிடி அது. தம்பி ஒரு கூடை அப்பிளை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை ஒன்றும் பேசாமல் வந்தார்.

அந்த மாரியில் வெளியே பனி கொட்டும்போது, ஐயா அதே ஜன்னலோரம் இருந்து, "அப்பிள் மரத்துக்கு மணித்தியாலம் ஓடுது" என்று சொல்லுவார். சித்திரை முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் பல்கனியில் இரண்டு வாளி மண் வைத்து மிளகாய் நட்டார்.

இனி, இந்தப் பருவத்தில் போக விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

ஸ்காபரோவிலிருந்து 401இல் கிழக்கே போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் போமன்வில், நியூகாசில் பகுதித் தோட்டங்களை அடையலாம். செப்ரெம்பர் தொடக்கத்திலிருந்து நன்றியறிதல் நாள்வரை நல்ல காலம். காலா, மக்கின்ரோஷ், ஹனிகிறிஸ்ப் ஆகியவை செப்ரெம்பரில். எம்பயர் அதற்குப் பிறகு. நோர்தேர்ண் ஸ்பை ஒக்ரோபரில். ஆண்டுக்காண்டு காலநிலை மாறும், ஆகவே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பெரிய தோட்டங்கள் சிலவற்றில் சனி, ஞாயிறுகளில் நுழைவுக் கட்டணமும் முன்பதிவும் உண்டு. சின்னக் கடைகளில் பெரும்பாலும் அது இல்லை.

வாகனம் இல்லாதவர்கள் உள்ளவர்களோடு சேர்ந்து போவதே வழி. அதுவும் முடியாவிட்டால் மிருகக்காட்சிசாலைவரை பஸ்ஸில் போய், அங்குள்ள ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் நடக்கலாம். தோட்டத்தின் பெயரிலேயே அங்கே ஒரு நடைபாதை இருக்கிறது. ஆனால் அது 2015இலிருந்து தேசியப் பூங்கா. எதையும் பிடுங்கக் கூடாது.

தோட்டத்தில் மரத்தில் ஏற வேண்டாம். பிள்ளைகள் காயை எறிந்து விளையாட விட வேண்டாம். நிலத்தில் விழுந்ததைக் கழுவாமல் தின்னக் கொடுக்க வேண்டாம். மான் நடமாடுகிற இடம். சாப்பாடு கொண்டுபோனால் எங்கே இருந்து சாப்பிடலாம் என்று கேளுங்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். கொடுத்த பைக்குள் அடங்குவதற்கு மேல் அமுக்கி நிரப்பும் பழக்கம் எங்களில் சிலரிடம் இருக்கிறது. ஒருவர் செய்தால் பெயர் எல்லோருக்கும்தான்.

சைடர் என்று போத்தலில் விற்பது சாதாரண அப்பிள் சாறாகவும் இருக்கலாம், மதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அப்பிளைக் குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறியிலிருந்து பிரித்து வையுங்கள். அப்பிளிலிருந்து வரும் ஒரு வாயு மற்றவற்றைப் பழுக்க வைக்கும். அதையே நன்மையாகவும் பயன்படுத்தலாம்: பழுக்காத வாழைக்காயோடு ஓர் அப்பிளைக் கடதாசிப் பையில் போட்டுக் கட்டி வைத்தால், ஊரில் புகை போட்டதுபோலப் பழுத்துவிடும். புளிப்பான அப்பிளை மாங்காய்போலச் சீவி, உப்பும் தூளும் போட்டுச் சாப்பிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

நாங்கள் அன்றிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அந்தக் கொட்டிலடிக்குப் போய்வருகிறோம். தோட்டத்தை இப்போது மகன் பார்க்கிறார். தகரத்துக்குப் பதிலாகப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வந்துவிட்டது. மேலே காசு போட ஒரு துவாரம் மட்டும். காரணம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் கடையில் இப்போதும் ஆளில்லை. கூடைகளும் அப்படியே இருக்கின்றன.

தம்பிக்கு அடுத்த ஆண்டே விசாரணை வந்து ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ஏஜக்ஸில் வீடு வாங்கிக் குடும்பமாக இருக்கிறார். போன ஆண்டு அவருடைய மகள்தான் காசைப் பெட்டியில் போட்டாள். அவர் பக்கத்தில் நின்று, எத்தனை கூடை, எவ்வளவு காசு என்று சத்தமாக எண்ணச் சொன்னார். ஏன் சத்தமாக எண்ண வேண்டும் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

ஐயா 2011இல் காலமானார். சாமிப்படத் தட்டில் அவர் வைத்திருந்த சின்னப் பெட்டிக்குள் உரும்பிராய் வீட்டுத் திறப்பும், கறுத்துப் போன ஒரு டொலர் குற்றியும் இருந்தன. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறோம்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களே, இந்த முறை பிள்ளைகளின் கடதாசியில் கையெழுத்து வையுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு நாள் போய் வாருங்கள். வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். போகும்போது சில்லறைக் காசும் கொண்டு போங்கள். இப்போது அந்தப் பெட்டி மிச்சம் தராது.